நுவரெலியாக் குளிருக்கு நுரைச்சோலை அனல்

திறந்த விறாந்தைக்கு மின்சார ஹீட்டர் வாங்கப் போகிறவர்கள் கடைக்குப் போகுமுன் கற்பிட்டிக் கரையை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்

குறிஞ்சிப்பிட்டியில் குளிர்காய எவரும் மின்சாரக் கருவி வாங்குவதில்லை. ஒரு பக்கம் இந்து சமுத்திரம், மறுபக்கம் புத்தளம் களப்பு, நடுவே மணலும் தென்னையுமாக நீண்டு கிடக்கிறது கற்பிட்டித் தீபகற்பம். ஆண்டுச் சராசரி வெப்பநிலை 27, 28 பாகை செல்சியஸ். இங்கே மனிதர் தேடுவது நிழலைத்தான். ஆனாலும் மலைநாட்டு விடுதிகளின் திறந்த விறாந்தைகளில் தலைக்கு மேல் செக்கச்செவேலென்று எரியும் அகச்சிவப்பு ஹீட்டர்களைப் பற்றிப் பேச வேண்டுமானால், இந்தக் கரையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அந்தச் சிவப்பு எரிவதற்கான மின்சாரத்தில் கணிசமான பங்கு பிறக்கும் இடம் இதே தீபகற்பத்தில் இருக்கும் நுரைச்சோலை.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் அதிகாலைப் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. மாலை ஆறு மணிக்குப் பிறகு வெளியே உட்கார்ந்து தேநீர் குடிப்பது கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் போகிறவர்களுக்குப் பெரிய சோதனை. ஆனால் அவர்கள் அங்கே போவதே வெளியே உட்காரத்தான். மலையையும் தேயிலைச் சரிவையும் பார்க்க வந்தவரைக் கதவடைத்த அறைக்குள் வைத்திருக்க எந்த விடுதிக்காரரும் விரும்பமாட்டார். ஆகவே ஹீட்டர். எந்த ஹீட்டர், எத்தனை, எங்கே மாட்டுவது என்பதில்தான் பணமும் மின்சாரமும் வீணாகின்றன. ஹற்றனுக்கும் பண்டாரவளைக்கும் பொருந்தும் இந்தக் கணக்கு ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் பொருந்தும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வீட்டுக் கொல்லையில் ஒரு மேசை போட்டு வைத்திருக்கும் நம்மவர்களுக்கும் பொருந்தும்.

கருவாட்டுப் பாயில் படிக்கலாம்

திறந்த வெளியில் காற்றைச் சூடாக்க முடியாது. வாங்கப் போகிறவர் மனதில் முதலில் இதைப் பதித்துக்கொள்ள வேண்டும். மூடிய அறைக்குள் விசிறி வைத்த ஹீட்டர் காற்றைச் சூடாக்கி, அந்தக் காற்றின் மூலம் நம்மைச் சூடாக்குகிறது. விறாந்தையில் அப்படிச் சூடான காற்று ஒரு நிமிடத்தில் மேலெழுந்து வெளியே போய்விடும். அதன் இடத்துக்குப் புதிய குளிர்காற்று வரும். அதையும் சூடாக்கினால் அதுவும் போகும். எத்தனை கிலோவோட் கொட்டினாலும் நிலைக்காது.

அகச்சிவப்புக் கதிர் வேறு வழியில் வேலை செய்கிறது. அது காற்றைப் பெரும்பாலும் ஊடுருவிப் போய், எதன்மேல் படுகிறதோ அதில்தான் வெப்பமாகிறது. கற்பிட்டிக் கரையோரக் கிராமங்களில் சூடையும் நெத்தலியும் காய்வது இப்படித்தான். பாயில் பரப்பிய மீனைச் சுற்றியிருக்கும் காற்று 30 பாகையில் நின்றாலும், வெயில் பட்ட மீனின் மேற்பரப்பு அதைவிடச் சூடாகிறது. ஒரு மேகம் மறைத்தால் காற்றின் வெப்பநிலை அவ்வளவாக மாறாது. ஆனால் மீன் காயும் வேகம் சட்டென்று குறையும். கருவாடு போடுகிறவர்கள் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வேலை செய்வதன் காரணம் அதுதான். நிலத்துக்கு வந்துசேரும் சூரிய சக்தியில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியலாளர் 1800இல் சூரிய ஒளியை அரியத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பையும் தாண்டி, ஒளியே இல்லாத இடத்தில் வைத்த வெப்பமானிதான் மிக அதிகம் ஏறியது. விறாந்தை ஹீட்டரின் தொடக்கம் அந்தச் சோதனையில் இருக்கிறது.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. மீனுக்கு வெயிலும் வேண்டும், காற்றும் வேண்டும். ஈரத்தை அள்ளிப்போவது காற்றுத்தான். குளிரில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கோ காற்றுத்தான் எதிரி. ஹீட்டர் தருவதைக் காற்றுப் பிடுங்கிக்கொண்டு போகும். மெல்லிய காற்றும்கூட உடம்பு இழக்கும் வெப்பத்தைக் கணிசமாகக் கூட்டிவிடும். ஆகவே ஹீட்டருக்குக் காசு எடுத்துவைத்திருப்பவர் அதில் ஒரு பங்கை முதலில் காற்றுத் தடுப்பில் போடட்டும். காற்று வரும் பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடித் தடுப்போ, மரப்பலகை அடைப்போ, நெருக்கமாக வளர்ந்த செடிவேலியோ வைத்தால், வாங்க நினைத்த ஹீட்டர்களில் சில தேவையில்லாமல் போகும். வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய பழைய தோட்டத்து பங்களாக்களில் விறாந்தையின் ஒரு பகுதியைக் கண்ணாடிச் சட்டங்களால் அடைத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

மூன்று வகை, மூன்று குணம்

கடையில் எல்லாமே ‘இன்ஃப்ராரெட்’ என்ற ஒரே பெயரில்தான் கிடக்கும். உள்ளே இருக்கும் பொருள் வேறு, அது எட்டும் வெப்பநிலை வேறு. ஒரு பொருள் எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு குறுகிய அலையை அனுப்பும் என்பது இயற்பியல் விதி. அந்த விதியை வைத்தே மூன்றையும் பிரித்துவிடலாம்.

முதலாவது ஹாலஜன். குவார்ட்ஸ் கண்ணாடிக் குழாய்க்குள் டங்ஸ்டன் இழை 2,200 பாகை அளவுக்கு எரிகிறது. அதன் கதிரின் உச்சம் 1.2 மைக்ரோமீற்றரை ஒட்டி இருக்கும்; இதைக் குற்றலை என்கிறார்கள். சுவிட்சைப் போட்ட ஒரு வினாடியில் முழு வெப்பமும் கிடைக்கும். இழை குழாய்க்குள் அடைபட்டிருப்பதால் காற்று அதை நேரடியாகத் தொட முடியாது. கொடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி கதிராகவே வெளியேறும். காற்று வீசும் திறந்த இடத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. குறை, வெளிச்சம். மேசைக்கு மேல் கண்கூசும் செம்மஞ்சள் ஒளி விழுந்தால் பயணி மலையையும் நட்சத்திரத்தையும் எங்கே பார்ப்பார்? குழாயின்மேல் மாணிக்கச் சிவப்பிலோ பொன்னிறத்திலோ பூச்சுள்ள வகை இந்த ஒளியைக் கணிசமாகக் குறைக்கும். சற்று விலை கூடினாலும் விடுதிக்கு அதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது, கார்பன் இழை. 1,000 முதல் 1,200 பாகை வரை சூடாகும். அலை உச்சம் 2 மைக்ரோமீற்றர் பக்கம். ஒளி குறைவு, கணகணவென்று எரியும் கரிநெருப்பின் நிறம். முழுச் சூடாகச் சில வினாடிகள் போதும். மூன்று பக்கமாவது அடைத்த விறாந்தைக்கு, ஆட்கள் அருகருகே உட்காரும் மேசைக்கு, இதமாக இருக்கும்.

மூன்றாவது, கறுப்புப் பலகை போலவோ செராமிக் ஓடு போலவோ இருக்கும் நெட்டலை ஹீட்டர். 300, 400 பாகைதான். ஒளியே கிடையாது. பார்வைக்கு மிக அழகானது இதுவே, விற்பனையாளர்கள் முதலில் காட்டுவதும் இதுவே. ஆனால் சூடாகப் பத்து நிமிடம் அளவில் எடுக்கும். அதைவிட முக்கியமான விஷயம், அதன் சூடான மேற்பரப்பைக் காற்று நேரே தொடுகிறது. 400 பாகையில் இருக்கும் ஒரு பலகைமேல் பலமான காற்று வீசினால், அதன் வெப்பத்தில் பாதிவரை காற்றோடு போய்விடக்கூடும். கண்ணாடியால் அடைத்த விறாந்தையில் இதை மாட்டுங்கள், நன்றாக உழைக்கும். காற்றடிக்கும் மலைமுகட்டு முற்றத்தில் மாட்டாதீர்கள்.

விளம்பரங்களில் ‘99 விழுக்காடு செயற்றிறன்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. எந்த மின்சார ஹீட்டரும் தான் வாங்கும் மின்சாரத்தில் கிட்டத்தட்ட முழுவதையும் வெப்பமாக்கிவிடும். மலிவான சுருள் அடுப்பும் அப்படித்தான். அந்த வெப்பத்தில் எவ்வளவு மனித உடம்புக்கு வந்து சேர்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதைத் தீர்மானிப்பவை அலை வகை, பின்னால் இருக்கும் பிரதிபலிப்பான், மாட்டும் உயரம், சாய்வு ஆகியன. 2 கிலோவோட் குற்றலை ஹீட்டர் ஒன்றின் கதிரை ஆறு சதுர மீற்றருக்குள் விழச்செய்தால், ஒரு சதுர மீற்றருக்கு 250 வோட்டுக்கு மேல் கிடைக்கும். அது உச்சிவெயிலின் கால்பங்கு. ஸ்வெட்டர் போட்ட ஒருவருக்குப் பதினைந்து பாகைக் குளிரில் அது போதும். அதே ஹீட்டரை நாலு மீற்றர் உயரக் கூரையில் நேர்கீழாக மாட்டினால், வெப்பம் பரந்து நீர்த்துப்போய்த் தலைமுடி மட்டும் சூடாகும்; கால் விறைத்துக்கொண்டிருக்கும். தரையிலிருந்து இரண்டு, இரண்டரை மீற்றர் உயரத்தில் சுவரில் மாட்டி, தோளும் நெஞ்சும் முதுகும் படும்படி சாய்த்து வைப்பதே நல்லது. உட்கார்ந்திருப்பவரின் இரு பக்கங்களிலிருந்தும் சிறியதாக இரண்டு, தலைக்கு மேல் பெரியதாக ஒன்றைவிட நல்லது.

இன்னொன்று: இது சூரியனின் புறஊதாக் கதிர் அல்ல, தோல் கறுக்காது. ஆனால் எரியும் ஹாலஜன் குழாயை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது கண்ணுக்கு நல்லதல்ல. குழந்தைகள் உட்காரும் பக்கம் கண்மட்டத்தில் ஹீட்டர் இருக்கக்கூடாது.

தண்ணீரும் உப்பும் வயரும்

மழைச்சாரல் அடிக்கும் இடத்தில் மின்சாரக் கருவி மாட்டுவது உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம். பெட்டியில் ‘ஐபி’ என்ற எழுத்துகளுக்குப் பின் இரண்டு இலக்கங்கள் இருக்கும். முதலாவது தூசுக்கு, இரண்டாவது நீருக்கு. ஐபி 44 என்றால் எந்தத் திசையிலிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும். கூரை உள்ள விறாந்தைக்குப் போதும். கூரை இல்லாத முற்றம், குழாயால் கழுவிவிடும் இடம் என்றால் ஐபி 65. நீருக்கான இலக்கம் 4க்குக் குறைந்த எதையும் வெளியே மாட்டக்கூடாது.

2 கிலோவோட் ஹீட்டர் 230 வோல்ற்றில் ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். 3 கிலோவோட் என்றால் 13 அம்பியர். சதுரமுள் பிளக் ஒன்றின் எல்லையே 13 அம்பியர்தான். மணிக்கணக்கில் அந்த எல்லையில் எரியவிட்டால் பிளக்கும் சொக்கட்டும் கருகும். நீட்டிப்பு வயர் வேண்டவே வேண்டாம். ஹீட்டருக்கெனத் தனிவயர் இழுத்து, 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்சோடு இணைத்து, எர்த் சரியாக இருக்கிறதா என்று மின்னியலாளர் அளந்து பார்த்த பிறகே எரிய வேண்டும். சிறு விடுதிகள் பலவற்றுக்கு ஒருமுனை 30 அம்பியர் இணைப்புத்தான் இருக்கிறது. மொத்தமே 6.9 கிலோவோட். அதில் சுடுநீர்க் கீசர் ஒன்றும் கேத்தல் ஒன்றும் எரியும்போது இரண்டு ஹீட்டரையும் போட்டால் விடுதியே இருண்டுவிடக்கூடும்.

கனடாவிலிருந்து வரும் உறவினர்கள் அன்போடு ஹீட்டர் கொண்டுவந்து கொடுப்பார்கள். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று. அந்தக் கருவியை இங்கே 230 வோல்ற்றில் செருகினால், தடை மாறாதவரை அது இழுக்கும் சக்தி மூன்றரை மடங்குக்கு மேல். குழாய் வெடிக்கும், விட்டால் கூரை பற்றும். இங்கிலாந்திலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வருவதில் இந்த ஆபத்து இல்லை. எந்த நாட்டுக் கருவியானாலும், மாற்றுக் குழாய் உள்ளூரில் கிடைக்குமா என்று கேட்க வேண்டும். 2022இல் அன்னியச் செலாவணி வற்றி உதிரிப்பாகமே வராமல் நாடு தவித்ததை நாம் மறந்துவிடவில்லை.

குவார்ட்ஸ் குழாயை வெறுங்கையால் தொடக்கூடாது. விரல் வியர்வையிலுள்ள உப்பு, குழாய் சூடாகும்போது கண்ணாடியின் அமைப்பையே அரித்து அந்த இடத்தை வெண்மையாக்கிவிடும். பிறகு அங்கிருந்துதான் வெடிப்பு. இதே காரணத்தால் கடலோரத்தில் ஹாலஜன் ஹீட்டர் நெடுநாள் தாங்காது. கற்பிட்டிக் கரையில் காற்றாடிச் சறுக்கு விடுதி நடத்துகிறவர் யாராவது இதைப் படித்தால் நேராகவே சொல்லிவிடுகிறேன்: உங்களுக்கு ஹீட்டர் வேண்டாம். மே முதல் ஒக்டோபர் வரை வீசும் காற்றில் சறுக்கிவிட்டு நனைந்த உடம்போடு வருபவர் நடுங்குவது, உடம்பிலுள்ள நீர் ஆவியாவதால். உலர்ந்த துவாயும், காற்றுக்குக் கட்டிய கிடுகு மறைப்பும், ஒரு குவளை இஞ்சித் தேநீரும் போதும். கிடுகுக் கூரைக்குக் கீழே எரியும் ஹீட்டர் மாட்டுவதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்த அனலின் விலை

இப்போது நுரைச்சோலைக்கு வருகிறேன். அங்குள்ள லக்விஜய நிலக்கரி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 2011 மார்ச்சில் இயங்கத் தொடங்கியது. 2014 செப்ரெம்பரில் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங் வந்தபோது மூன்று அலகுகளும் நிறைவுபெற்றன. ஒவ்வொன்றும் 300 மெகாவோட், மொத்தம் 900. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரே இடத்திலிருந்து வருகிறது. கட்டத் திட்டமிட்ட காலத்தில், தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தை முன்னிட்டுக் கத்தோலிக்கத் திருச்சபையும், கடலை நம்பிய மீனவர்களும் எதிர்த்தார்கள். நிலையம் வந்துவிட்டது. நிலக்கரித் தூசும் சாம்பலும் காற்றில் வருகின்றன என்ற சுற்றுக் கிராமங்களின் முறைப்பாடு இன்றுவரை தீரவில்லை. வடக்கிலிருந்து 1990 ஒக்டோபரில் விரட்டப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பங்கள் பல குடியேறியதும் இந்தத் தீபகற்பத்தில்தான். ஒருமுறை எல்லாவற்றையும் இழந்துவந்தவர்களின் முற்றத்தில் நாட்டின் அடுப்புச் சாம்பல் விழுகிறது என்பதை மலையில் சுவிட்சைப் போடுகிறவர் அறிந்திருக்க வேண்டும்.

நிலக்கரி எரிந்து தரும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்தான் மின்சாரமாகிறது. மிச்ச வெப்பம் குளிர்விக்கும் கடல்நீரோடு கடலுக்கும், புகைபோக்கி வழியே வானுக்கும் போகிறது. அதாவது மலையில் ஒரு மேசையைச் சூடாக்க, அதைவிட அதிக வெப்பத்தை இந்தக் கரையில் கொட்டுகிறோம். வெளிச்சத்துக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேறு வழியில்லை. வெறும் வெப்பத்துக்காக, அதுவும் திறந்த வெளியில் வெப்பத்துக்காக, மின்சாரத்தை எடுக்கும்போது மிகமிகக் கணக்காக எடுக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

மலைநாட்டில் நீர்மின்சாரம் இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். லக்ஷபானையும் மேல் கொத்மலையும் அங்கேதான். ஆனால் குளிர் கடுமையாக இருக்கும் ஜனவரியிலிருந்து, நுவரெலியா வசந்தகாலம் களைகட்டும் ஏப்ரல் வரை, அந்த நீர்த்தேக்கங்கள் வற்றும் காலம். அப்போது நுரைச்சோலைதான் முழுமூச்சாக ஓடும். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கப்பலிலிருந்து நிலக்கரி இறக்க முடியாது என்பதால், முழு ஆண்டுக்குமான நிலக்கரியும் செப்ரெம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில்தான் வந்தாக வேண்டும். அத்தோடு விறாந்தை ஹீட்டர் எரியும் நேரம் மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரை. நாட்டின் மின்தேவை உச்சத்தில் இருக்கும் நேரமும் அதேதான். சூரியத் தகடுகள் உறங்கிவிட்ட அந்த நேரத்தில் தேவை கூடினால் எண்ணெய் எரிக்க வேண்டிவரும். நேரத்துக்கேற்ற கட்டணத்தில் இருக்கும் ஹோட்டல்களுக்கு விலையும் அந்த நேரத்தில்தான் உச்சம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓர் அலகு மின்சாரத்துக்கு நுரைச்சோலையில் எரிவது ஏறத்தாழ 400 கிராம் நிலக்கரி. 2 கிலோவோட் ஹீட்டர் ஒரு மாலையில் நாலு மணிநேரம் எரிந்தால் 8 அலகு. அது முழுவதும் நிலக்கரியிலிருந்து வந்தால் 3 கிலோவுக்கு மேல். பத்து ஹீட்டர் வைத்த ஹோட்டல் ஒரு மாதம் இப்படி எரித்தால் 2,400 அலகு, ஏறத்தாழ ஒரு தொன் நிலக்கரி.

இதையே கருவாட்டுக்குப் போட்டுப் பார்த்தேன். நூறு கிலோ பச்சை மீனில் முக்கால்வாசி நீர். கருவாடாக்க அதிலிருந்து அறுபது கிலோ அளவுக்கு நீரை வெளியேற்ற வேண்டும். உப்பு இழுத்துக்கொள்ளும் நீரை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் மின்வெப்பத்தால் ஆவியாக்குவதாக வைத்தால், வீணே எதுவும் போகாதபோதும் 40 அலகு வேண்டும். மலையில் ஒரேயொரு ஹீட்டர் ஐந்து மாலைகளில் எரிப்பது அவ்வளவுதான். ஒரு வாடியின் ஒருநாள் பாட்டை வெயில் ஒரு சதமும் வாங்காமல் காயவைத்துக் கொடுக்கிறது. வடகீழ்ப் பருவ மழையில் வெயில் பொய்த்துவிட்டால், கருவாடு போடுகிறவர் மின்சாரத்தை நினைத்துப் பார்க்கவும் முடியாது. மீன் புழுத்துப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எரிவாயுவுக்குப் போகலாமா என்றால் அது இன்னும் மோசம். குடை போல நிற்கும் எரிவாயு ஹீட்டர் ஒன்று ஏறத்தாழ 13 கிலோவோட் எரிக்கும். நம் வீட்டு 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று பன்னிரண்டு மணிநேரத்தில் காலி. அதன் வெப்பத்தில் பெரும்பகுதி மேலே எழும் சூடான காற்றாகவே போய்விடும். 2022இல் அதே சிலிண்டருக்காகத் தாய்மார்கள் விடியவிடிய வரிசையில் நின்ற நாட்டில், அதை முற்றத்தில் எரித்துத் தீர்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

பிரான்ஸ் இந்தக் கேள்வியைச் சட்டமாக்கியே முடித்துவிட்டது. ரென் நகரம் 2020 ஜனவரியில் முதலில் தடை போட்டது. 2022 ஏப்ரல் முதல், நாடு முழுவதும் உணவகங்களின் திறந்த வாசல்முன்றில்களில் எரிவாயு, மின்சார ஹீட்டர் எதுவும் கூடாது. நாற்புறமும் கூரையும் மூடிய இடங்களுக்கு மட்டும் விலக்கு. பாரிஸ் உணவகங்களில் உழைக்கும் நம் தமிழர்கள் எத்தனையோ பேர் அந்த மாற்றத்தை நேரில் கண்டவர்கள். பல உணவகங்கள் மேசைக்கொரு கம்பளியை மடித்து வைக்கின்றன. நம் நாட்டில் தடை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மலைநாட்டுச் சுற்றுலாவில் பிழைக்கும் குடும்பங்கள் பல. ஆனால் மூடிய இடத்தில் எரிவதும் திறந்த இடத்தில் எரிவதும் ஒன்றல்ல என்ற அந்தப் பிரிவு நியாயமானது.

ஹற்றன் பக்கம் நாலு அறை விடுதி வைத்திருக்கும் ஒருவருக்கு என் யோசனை இது. விறாந்தையின் காற்றுவரும் பக்கத்தை முதலில் கண்ணாடியால் அடையுங்கள். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு கம்பளி வையுங்கள்; இருக்கையில் மெத்தை போடுங்கள், ஏனென்றால் குளிர்ந்த பிரம்பும் இரும்பும் உடம்புச் சூட்டை உறிஞ்சும். பிறகு 1.5 கிலோவோட் கார்பன் ஹீட்டர் இரண்டு வாங்கி, மேசையின் இரு பக்கத்துச் சுவர்களிலும் இரண்டேகால் மீற்றர் உயரத்தில் மாட்டுங்கள். நீருக்கான இலக்கம் 4, தனிவயர், ட்ரிப் சுவிச், மரக் கைமரத்திலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் தயாரிப்பாளர் சொன்ன இடைவெளி. அரைமணி நேரத்தில் தானே அணையும் டைமர் ஒன்றையும் பொருத்துங்கள். குளிர்கிறவர் மறுபடி அழுத்திக்கொள்வார், எழுந்து போனவருக்காக ஹீட்டர் எரியாது. ஒரு மாலையில் இரண்டரை மணிநேரம் என்றால் 7.5 அலகு, மாதத்துக்கு 225. மூன்றாவது ஹீட்டரைப் பற்றி யோசிக்குமுன் ஒரு சீசன் பொறுங்கள். இரண்டும் போதாமற்போன மாலைகள் எத்தனை என்று ஒரு கொப்பியில் குறித்துவைத்தால், வாங்க வேண்டுமா என்பது ஏப்ரல் முடிவில் தெரிந்துவிடும்.